நண்டுத்திட்டுக்கு ஒரு சீட்டு

வேதாளைக்குத் தெற்கே வத்தை விட்டால்
இரண்டு வெற்றிலை மெல்லும் நேரத்தில் வரும் திட்டு.
அடப்பங்கொடிகூட வேர்பிடிக்காத மணல்.
கச்சான் அடித்தால் மேற்கே கரையும்,
வாடை திரும்பினால் கரைந்ததில் பாதி வந்து சேரும்.
பேராமை ஏறி முட்டையிட்டுப் போகும்;
அதுவும் போன வருஷத்து இடத்தைத் தேடுவதில்லை.

இதற்காகத்தான்
தூத்துக்குடி உலாந்தாக்காரர் மூன்று கடுதாசி எழுதினார்கள்,
பாளையங்கோட்டையிலிருந்து இங்கிலீசுக் கும்பினியார் நான்கு.
ஏழும் கீழக்கரையில் என் மேசைக்கு வந்தன.
இரண்டு தரப்புக்கும் துபாசி நான் ஒருவன்தான்,
மைக்கூடும் ஒன்றுதான்.

ஒருவர் 'அனுபோகம்' என்றார்.
மற்றவர் 'ஆதிமுதல் பாத்தியம்' என்றார்.
அரண்மனைப் பிரதானியோ
"சங்கு எங்களுடையது,
தண்ணீரை யார் வேண்டுமானாலும் குடிக்கட்டும்" என்று
எழுதச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.
அதை இரண்டு பாஷையிலும்
பன்னிரண்டு வரி மரியாதையாக நீட்டினேன்.
துபாசிக்கு வரிக்குத்தான் கூலி.

மஸ்கத்துக் குதிரை இறக்க வந்திருந்த
நகுதா சுலைமான் பின் ராஷித்
கடுதாசிகளின் அரக்கைச் சுரண்டிப் பார்த்துச் சிரித்தான்.
"லெப்பை, எங்கள் பக்கம் ஒரு குடாவுக்கு இதே கதை.
பறங்கி ஒரு கல் நட்டான்.
பாரசீகத்தான் அதற்கு எதிரே ஒன்று நட்டான்.
இப்போது இரண்டு கல்லுக்கும் கயிறு கட்டி
என் மாமன் வலை காயப்போடுகிறான்."
"மாமனுக்கு ஒன்றும் ஆகவில்லையா?"
"வலை காயப்போட ஒரு கை போதும்" என்றான்,
பேரீச்சங்கொட்டையைத் துப்பிவிட்டு.

மாசியில் வியாகுலம் வந்தான்.
சங்கு குளிக்கச் சீட்டு வேண்டுமாம்.
"யார் பேரில்?"
"யார் பேரில் எழுதினால் அடி விழாதோ
அவர் பேரில்."
நாலு பணம் வாங்கிக்கொண்டு
உலாந்தா முத்திரை வைத்தேன்.
அன்றைக்கு அதுதான் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

எட்டாம் நாள் இங்கிலீசு சுலுப்பு
திட்டோரம் நங்கூரம் போட்டது.
கொடிக்கம்பம் நட்டார்கள்; இரண்டு தடவை சாய்ந்தது,
மூன்றாம் தடவை அடியில் சங்கைக் கொட்டி நிறுத்தினார்கள்.
அவன் எடுத்த சங்கு. நூற்றிருபதோ என்னவோ.

விசாரணைக்கு என்னையே கூட்டிப்போனார்கள்.
'யாருடைய இடமென்று நினைத்து இறங்கினாய்?'
துரை கேட்டதைத் தமிழில் கேட்டேன்.
வியாகுலம் துரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
"இப்போது ஏற்றம், ஐயா.
வற்றத்துக்குப் பிறகு கேளுங்கள்,
இடம் இருந்தால் சொல்கிறேன்."

இதை என்னவென்று பெயர்ப்பது?
"தெரியாதென்கிறான்" என்றேன்.

துரைக்குத் தெரியாமை பிடிக்காது.
பன்னிரண்டு அடி.
எண்ணும் வேலையும் துபாசிக்கே வந்தது.
இங்கிலீசில் எண்ணினேன்.

ஆனி பிறந்து கச்சான் முற்றியதும்
கம்பம் போயிற்று.
திட்டு தன் மணலைக் கழற்றிக்கொண்டு
இரண்டு கூப்பிடு தூரம் கிழக்கே போய்ப் படுத்துவிட்டது.
உடனே எட்டாவது கடுதாசி:
இடம் நகர்ந்தால் பாத்தியமும் கூடவே நகருமா?
ஒன்பதாவது அதைவிட நீளம்.
நல்ல கூலி. விளக்கு வைத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

வியாகுலத்தின் பெண்சாதி சந்தியாகம்மாள்
கூப்பிடாமலே உள்ளே வந்தாள்.
கடுதாசிகளின்மேல் சீட்டை வைத்தாள்.
வேப்பெண்ணெய் ஊறி, முத்திரை தெரியாமல் கறுத்திருந்தது.
"இது செல்லாதாமே."
"செல்லும், ஆனால்" என்று ஆரம்பித்தேன்.
மிச்சம் என்னிடம் இரண்டு பாஷையில் தயாராக இருந்தது.

"நாலு பணம்" என்றாள்.

கொடுத்தேன்.
அங்கேயே நின்று எண்ணினாள்,
தமிழில், வாய்விட்டு,
நாலுதான் என்று தெரிந்த பிறகும்
இன்னொரு தரம்.